எலும்பு சேந்துடுச்சு... கை?

ரொம்ப நாளா மனசுல கிடந்து உறுத்திக்கிட்டிருந்த விஷயம். இன்னிக்கு எழுதியே தீர்றதுன்னு உக்காந்தாச்சு. கொஞ்சம் காட்டமா இருக்கும், பொறுத்துக்குங்க.

நான் எலும்பு டாக்டர் இல்லை. அவர் வேலை முடிஞ்சதுக்கப்புறம் வர்றவங்களைப் பாக்கற பிசியோதெரபிஸ்ட். சாயந்திரமானா கதை, கவிதை, சினிமான்னு இங்க எதையாவது கிறுக்கறது பொழுதுபோக்கு. இன்னிக்கு மட்டும் தொழில். என்கிட்ட வர்றவங்க பாதிப் பேர் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்றாங்க: "எலும்பு நல்லா சேந்துடுச்சுன்னு எக்ஸ்ரே பாத்துச் சொல்லிட்டாங்க சார், ஆனா கைதான் தூக்க வரலை."

இந்த "ஆனா"தான் இந்தப் பதிவு.

கையைப் பத்தி நமக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடத்துல படிச்சது தெரியும். படம் வரைந்து பாகங்களைக் குறி, அஞ்சு மார்க். காறை எலும்பு, தோள்பட்டை எலும்பு, மேற்கை எலும்பு, ஆர எலும்பு, அல்னா. மணிக்கட்டுல 8, உள்ளங்கைல 5, விரல்கள்ல 14. ஆக ஒரு பக்கத்துக்கு 32, ரெண்டு பக்கமும் 64. உடம்புல இருக்கற 206 எலும்புல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. அப்புறம் தோள் "பந்து கிண்ண மூட்டு", முழங்கை "கீல் மூட்டு". முடிஞ்சது. பெல் அடிச்சாச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போங்க.

மனப்பாடம் பண்ணினதுல தப்பில்லைங்க. ஆனா இந்தப் படம் நம்ம மண்டைல பதிய வச்சது என்ன? கைன்னா எலும்பு. எலும்புன்னா கம்பு. கம்பு உடைஞ்சா ஒட்டணும், விலகினா இழுத்து மாட்டணும், ஒட்டற வரைக்கும் ஆட்டாம வைக்கணும். இந்தத் தச்சு வேலை அறிவை வச்சுக்கிட்டுத்தான் நம்ம ஊர்ல பிள்ளைங்க கையையும் அம்மாமார் கையையும் கெடுத்துக்கிட்டிருக்கோம். இழுக்கறது, இறுக்கறது, முடக்கறது. இந்த மூணுதான் நமக்குத் தெரிஞ்ச வைத்தியம்.

முதல்ல அந்தப் பந்து கிண்ணத்தை உடைப்போம்.

இடுப்பு மூட்டுக்குப் பந்து கிண்ணம்னு சொன்னா சரி. ஆட்டுக்கல்லுல குழவி உக்காந்திருக்கற மாதிரி ஆழமா, கெட்டியா உக்காந்திருக்கும். தோள் அப்படியா? காபி சாஸர் மேல எலுமிச்சம்பழத்தை வச்ச மாதிரி. எந்த நேரத்துலயும் பந்தோட கால்வாசி, மிஞ்சிப்போனா மூணுல ஒரு பங்குதான் அந்தச் சாஸரைத் தொட்டுக்கிட்டிருக்கும். அதை உருண்டு ஓடாம பிடிச்சு வச்சிருக்கறது எலும்பு இல்லை. சுத்தி இருக்கற சவ்வு, விளிம்புல இருக்கற குருத்தெலும்பு வளையம், நாலு சின்னத் தசைகள். நாலு திசைலயும் கயிறு கட்டின கம்பம் மாதிரி அந்த நாலும் விடாம இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கு.

இன்னொண்ணு. முழுக் கையும் உடம்போட எலும்புக்கு எலும்பா சேர்ற இடம் எத்தனை தெரியுமா? ஒண்ணே ஒண்ணு. தொண்டைக்குழிக்குப் பக்கத்துல காறை எலும்பு நெஞ்செலும்பைத் தொடற இடம். (அந்தக் காலத்துல பொம்பளைங்க கழுத்துல போட்டுக்கிட்ட நகைக்குக் காறைன்னு பேரு. அது கிடக்கற இடத்துல இருக்கற எலும்பு காறை எலும்பு. எவ்வளவு அழகான பேரு! அதையும் மார்க்குக்காகத்தான் படிச்சோம்.) முதுகுப்பக்கம் இருக்கற தோள்பட்டை எலும்பு விலா எலும்புல எங்கயும் மாட்டலை. தசைக்குள்ள மிதக்குது. குடம் தூக்கறதும், மூட்டை சுமக்கறதும், பிள்ளையை இடுப்புல வச்சுக்கறதும் இந்த மிதக்கற எலும்பை நம்பித்தான்.

நம்பலைன்னா இப்பவே பாருங்க. பக்கத்துல யாராவது இருந்தா, உங்க முதுகுல தோள்பட்டை எலும்போட கீழ் முனைல விரலை வைக்கச் சொல்லுங்க. கையை மெதுவா பக்கவாட்டுல தலைக்கு மேல வரைக்கும் தூக்குங்க. அந்த எலும்பு வெளிப்பக்கமா சுழண்டு போறது விரலுக்குத் தெரியும். கை 180 டிகிரி மேல போகுதுன்னா, சுமாரா 120 டிகிரிதான் அந்த எலுமிச்சம்பழத்தோட வேலை. பாக்கி 60 தோள்பட்டை எலும்போட சுழற்சி. இதை 1944லயே அளந்து எழுதிட்டாங்க. நம்ம பாடப் படத்துல மட்டும் அந்த எலும்பு இன்னும் சுவத்துல ஆணி அடிச்ச மாதிரி நிக்குது.

இப்ப முதல் குத்தம். இழுக்கறது.

பஸ்ஸு வந்துடுச்சுன்னு ரெண்டு வயசுப் பிள்ளையை ஒத்தைக் கையைப் பிடிச்சு வெடுக்குன்னு தூக்கறது. ரெண்டு கையையும் பிடிச்சு தட்டாமாலை சுத்தறது. ஆசையாத்தான் பண்றோம், இல்லேங்கலை. முழங்கையைக் கதவுக் கீல்னு சொல்லிக் கொடுத்தாங்க இல்லையா? பாதிதான் உண்மை. சாவி திருப்பறோமே, அப்ப ஆர எலும்போட தலை ஒரு நார் வளையத்துக்குள்ள சுழலுது. சின்னப் பிள்ளைங்களுக்கு அந்த வளையம் தொளதொளன்னு இருக்கும். இழுத்தா எலும்புத் தலை மேல நழுவி இடையில மாட்டிக்கும். ஒண்ணுலேர்ந்து நாலு வயசு வரைக்கும் இது ரொம்ப சகஜம். பெரியவங்க பெரும்பாலும் வலதுகைக்காரங்க, பிள்ளையோட இடது கையைப் பிடிப்போம். அதனால மாட்டறதும் பெரும்பாலும் இடது கைதான்.

பிள்ளை கையைத் தொங்கவிட்டுக்கிட்டு ஆட்டவே ஆட்டாது. வீங்காது, கன்னாது. உடனே "சுளுக்கு"ன்னு எண்ணெய் போட்டு நீவறது, மந்திரிக்கறது, கட்டு கட்டறது. தெரிஞ்ச டாக்டர்கிட்ட போனா முன்னங்கையை ஒரு திருப்பு திருப்பி மடக்குவார். பல நேரம் சில விநாடி வேலை. கொஞ்ச நேரத்துல அந்தக் கையாலயே பிஸ்கட் கேக்கும். இவ்வளவு சுலபமான விஷயத்துக்கு ரெண்டு நாள் அழவிட்டுக் கூட்டிட்டு வர்றாங்க. (விழுந்து அடிபட்டிருந்தா வீட்டுல திருப்பிப் பாக்கற வேலையே வேண்டாம். அது முறிவா இருக்கலாம்.)

பெரியவங்களுக்கும் இதே கதை. கபடில தோள் எறங்கிடும். உடனே நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, ஒருத்தர் அக்குள்ல காலை வச்சு இழுப்பார். இந்த முறை ஹிப்போகிரேட்டஸ் காலத்துது. மைதானத்துல கூட்டத்தோட பண்ற வேலை இல்லை. அந்த மூட்டுக்குக் கீழயே ஒரு நரம்பு எலும்பைச் சுத்திப் போகுது. கையைப் பக்கவாட்டுல தூக்கற தசைக்கு அதுதான் உயிர். கூடவே எலும்பு உடைஞ்சிருக்கான்னு பாக்காம இழுத்தா, மூட்டு உள்ள போகறதுக்குப் பதில் முறிவு பெருசாகும். உள்ள போயிட்டாலும் கதை முடியலை. 20 வயசுக்குள்ள முதல் தடவை விலகினவங்களுக்கு மறுபடி விலகற வாய்ப்பு ரொம்ப அதிகம். விளிம்பு வளையம் கிழிஞ்சிருக்கும், அதை யாரு பாப்பா? "மாட்டியாச்சு இல்ல, போய் ஆடு!"

ரெண்டாவது குத்தம். இறுக்கறது. இதுலதான் எனக்கு நிஜமாவே கோபம் வரும்.

அஞ்சு, ஆறு வயசுப் பையன் கொய்யா மரத்துலேர்ந்தோ சைக்கிள்லேர்ந்தோ கையை ஊணி விழறான். முழங்கைக்குச் சரியா மேல, மேற்கை எலும்பு தட்டையா மெலிஞ்சு போற இடத்துல உடையுது. சின்னப் பிள்ளைங்களோட முழங்கை முறிவுகள்ல இதுதான் அதிகம். இந்த இடத்துக்கு நேர் முன்னால, ஒட்டினாப்ல, கைக்குப் போற பெரிய ரத்தக் குழாயும் முக்கியமான நரம்பும் போகுது. உடைஞ்ச எலும்போட கூர் முனை முன்னால வந்து அதைக் குத்தலாம், மடக்கலாம். அதோட முன்னங்கை வீங்குது. முன்னங்கைத் தசைகள் எல்லாம் கெட்டியான உறைக்குள்ள இருக்கு. வீக்கத்துக்கு வெளிய போக வழியில்லை. உள்ள அழுத்தம் ஏறி, தசைக்கு ரத்தம் போறது நின்னுடுது.

இந்த நேரத்துல நாம என்ன பண்றோம்? மூங்கில் பத்தையை வச்சு, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பூசி, துணியைச் சுத்தி, "நல்லா இறுக்கிக் கட்டுங்கண்ணே, அப்பத்தான் சேரும்"னு சொல்றோம்! ரத்தம் இல்லாம ஆறு மணி நேரம்போல ஆச்சுன்னா தசை செத்துடும். செத்த தசை நாராகிச் சுருங்கும். மணிக்கட்டு மடங்கி, விரல் நகம் மாதிரி வளைஞ்சு நின்னுடும். எலும்பு? அது பிரமாதமா சேந்துடும்!

இதை எழுதி வச்சவர் ரிச்சர்ட் வோல்க்மன், ஜெர்மனில ஹாலே நகரத்து அறுவை மருத்துவர். வருஷம் 1881. இறுக்கமான கட்டால தசைக்கு ரத்தம் போகாம இப்படி ஆகுதுன்னு அப்பவே சொல்லிட்டார். அந்த முடக்கத்துக்கு இன்னிக்கும் அவர் பேருதான். (உபரித் தகவல்: மனுஷன் நம்ம கட்சி. ரிச்சர்ட் லியாண்டர்ங்கற புனைபெயர்ல 1871ல தேவதைக் கதைப் புத்தகமே போட்டவர்.) கட்டே போடாமலும் உள் வீக்கத்தால மட்டுமே இது வரும்னு பின்னால தெரிய வந்தது. அப்ப, வீங்கற கைல இறுக்கிக் கட்டறது எரியற வீட்டுல எண்ணெய் ஊத்தற வேலை. 1881லேர்ந்து எத்தனை வருஷம் ஆச்சு, கணக்குப் போட்டுப் பாருங்க. வயிறு எரியுதா இல்லையா?

உடனே ஒரு கோஷ்டி கிளம்பும். "நாட்டு வைத்தியத்தைத் திட்ற, நீ இங்கிலீஷ் மருந்துக்கு ஏஜெண்டா?" ஐயா, ஆஸ்பத்திரில போட்ட மாவுக்கட்டும் இறுகினா இதே கதிதான். முழுசாச் சுத்திப் போட்டுட்டு "ஒரு வாரம் கழிச்சு வாங்க"ன்னு அனுப்பற எடத்தையும் சேத்துத்தான் திட்டறேன். வீக்கத்துக்குக் கட்டினவர் எந்த வைத்தியம் படிச்சவர்னு தெரியாது.

"எங்க தாத்தாவுக்கு காறை எலும்பு உடைஞ்சப்ப ஒரே கட்டுல சரியாச்சே"ன்னு கேப்பாங்க. சரியாகியிருக்கும். காறை எலும்பு முறிவுல பெரும்பாலானது கையைத் துணில தொங்கவிட்டா தானே சேந்துக்கும். எலும்புக்குத் தன்னைத் தானே ஒட்டிக்கற சக்தி இருக்கு. சேந்தா பேரு கட்டினவருக்கு, சேரலைன்னா பழி தலையெழுத்துக்கு. இந்தக் கணக்குல யாரு வேணா வைத்தியராகலாம். முழங்கை காறை எலும்பு இல்லை. அங்க ஒரு தாத்தா கதையை வச்சுக்கிட்டுப் பேரன் கையைப் பந்தயம் கட்டாதீங்க.

பிள்ளைக்குக் கைல கட்டு போட்டுக் கூட்டிட்டு வந்தா, ராத்திரி பூரா பாக்க வேண்டியது எலும்பை இல்லை, விரலை. வலி குறையாம ஏறிக்கிட்டே போகுதா? விரலை நீங்க மெதுவா நிமித்தினா அலறுதா? விரல் வெளுத்து, சில்லுன்னு, மரத்துப் போகுதா? காத்தால பாத்துக்கலாம்னு படுக்காதீங்க. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடி, கட்டைத் தோல் தெரியற வரைக்கும் பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க. நாடி துடிக்குதேன்னு யாராவது சமாதானம் சொன்னாலும் நம்பாதீங்க. நாடி இருக்கும்போதே தசை சாகலாம்.

மூணாவது குத்தம். முடக்கறது. இதுக்கு அரிவாள் வெட்டு மாதிரி சத்தம் கிடையாது. மெதுவாக் கொல்லும்.

அறுபது வயசு அம்மா பாத்ரூம்ல வழுக்கிக் கையை ஊணி விழறாங்க. மணிக்கட்டுப் பக்கம் ஆர எலும்பு உடையுது. டப்ளின் நகரத்து ஆபிரகாம் காலிஸ் 1814ல விவரிச்ச முறிவு. எக்ஸ்ரே கண்டுபிடிச்சது 1895ல, அதுக்கு 81 வருஷம் முன்னாடியே மனுஷன் சரியாச் சொல்லிட்டார். நல்லாவே கட்டு போடறாங்க. ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் வீட்டுல ஒரே உபசாரம். "அம்மா கையை ஆட்டாதீங்க", "அத்தை நீங்க உக்காருங்க, நான் எடுத்துத் தரேன்". கை கழுத்துல தொங்கற துணிக்குள்ள நெஞ்சோட ஒட்டிக் கிடக்கு. ஆறு வாரம் கழிச்சுக் கட்டைப் பிரிச்சா மணிக்கட்டு எலும்பு சேந்திருக்கு. உடையவே உடையாத தோள் இறுகிப் போயிருக்கு!

கேள்வி இதுதான்: உடைஞ்சது மணிக்கட்டு, தோளை எதுக்குக் கட்டிப் போட்டீங்க? கட்டுக்குள்ள இருக்கற மூட்டு மட்டும் ஓய்வெடுக்கணும். வெளிய இருக்கற விரலை அன்னிலேர்ந்தே மடக்கி நீட்டணும், தோளை அன்னிலேர்ந்தே தூக்கணும். இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகும். அந்த ரெண்டு நிமிஷம் யாருக்கும் இல்லை. விளைவா என்கிட்ட ஆறு மாசம் வர்றாங்க.

விழாமலேயே தோள் இறுகறதும் இருக்கு. 40லேர்ந்து 60 வயசுக்குள்ள, சர்க்கரை இருக்கறவங்களுக்கு அதிகமா. மூட்டைச் சுத்தின சவ்வு தடிச்சுச் சுருங்கிடும். அம்மாமாருக்கு ஜாக்கெட் ஹூக் போட வராது, தலை பின்ன வராது. ஐயாமாருக்குப் பின் பாக்கெட்லேர்ந்து பர்ஸ் எடுக்க வராது, பஸ்ல மேல்கம்பி எட்டாது. "வாயு"ன்னு வீட்டுல பூண்டு கொடுப்பாங்க. வலிக்குதேன்னு கையை ஆட்டாம வைப்பாங்க, இன்னும் இறுகும். கடைசில யாராவது "நீவி விடறேன்"னு முரட்டுத்தனமா முறுக்குவாங்க. (அடிபட்ட முழங்கையை இப்படி நீவினா தசைக்குள்ளயே எலும்பு வளர்ந்து மூட்டைப் பூட்டிடும். முடக்கறதுக்கு மருந்து முறுக்கறது இல்லை.) ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இழுக்கற வியாதி இது. பொறுமையா, வலி தாங்கற அளவுக்கு, தினம் அசைக்கணும். சர்க்கரையையும் கட்டுக்குள்ள வைக்கணும்.

அந்த வியாதிக்கு உறைஞ்ச தோள்னு 1934ல பேரு வச்சவர் பாஸ்டன் நகரத்து எர்னஸ்ட் அமோரி காட்மன். குனிஞ்சு நின்னு கையைப் பெண்டுலம் மாதிரி ஆட்டச் சொல்லுவோமே, அந்தப் பயிற்சியும் அவர் பேர்லதான் இருக்கு. எனக்கு அவர் குலசாமி மாதிரி. ஆனா காரணம் வேற. ஆஸ்பத்திரி ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சை முடிஞ்சு பல மாசம் கழிச்சும் தேடிப் பிடிச்சு, பலன் கிடைச்சுதா, இல்லைன்னா ஏன்னு எழுதி வைக்கணும்னு சண்டை போட்டவர். அதுக்காக 1914ல பெரிய ஆஸ்பத்திரி வேலையையே உதறிட்டு வந்தார். முடிவு என்னன்னு பாக்காம வைத்தியம் பண்றது என்ன வைத்தியம்னு கேட்டார்.

நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, நம்ம ஊர்ல அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. நாட்டுக்கட்டு கட்டறவருக்கு முடிவுங்கறது கட்டு பிரிக்கற நாள். பல ஆஸ்பத்திரிகளுக்கு முடிவுங்கறது எக்ஸ்ரேல வெள்ளைக் கோடு சேர்ற நாள். நமக்கு? பில் கட்டற நாள்! அந்த அம்மா அதுக்கப்புறம் தலை பின்னினாங்களா, அந்தப் பையன் பேனா பிடிச்சானா? எந்த ஃபைல்லயும் இருக்காது.

எனக்கு வேண்டியது பெருசா ஒண்ணும் இல்லை. அஞ்சு மார்க் படத்துக்குக் கீழ அஞ்சு வரி. சின்னப் பிள்ளையைக் கையைப் பிடிச்சுத் தூக்காதே, அக்குள்ல கை கொடுத்துத் தூக்கு. விலகின மூட்டை ஊர் கூடி இழுக்காதே. கட்டுப் போட்ட கைல விரலைப் பாரு. கட்டுக்கு வெளிய இருக்கற மூட்டை அசை. கட்டு பிரிச்சதும் எலும்பு சேந்துதான்னு மட்டும் கேக்காதே, கை என்ன வேலை செய்யும்னு கேளு. இந்த அஞ்சையும் படிச்ச பிள்ளை வீட்டுல போய் அம்மாகிட்டச் சொல்லும். 32 எலும்பு பேரை மறந்தாலும் பரவாயில்லை, மறக்கத்தான் போறோம்.

அது வர்ற வரைக்கும் டாக்டர்கிட்ட, கட்டறவர்கிட்ட, என்னை மாதிரி ஆள்கிட்ட எல்லார்கிட்டயும் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேளுங்க. "கை எப்ப தலைக்கு மேல போகும்? அதுக்கு நான் இன்னிலேர்ந்து என்ன பண்ணணும்?" பதில் சொல்ல நேரமில்லைன்னு சொல்றவர்கிட்ட கையைக் கொடுக்காதீங்க.

டிஸ்கி: இது பொதுவான பதிவு. தோள், மேற்கைல முறிவோ ஆபரேஷனோ ஆனவங்க எப்ப அசைக்கலாம்னு உங்க டாக்டர் சொல்றதுதான் கணக்கு, என் பேச்சைக் கேட்டு இன்னிக்கே கையைச் சுழட்டிடாதீங்க. கையை ஊணி விழுந்து, கட்டைவிரல் அடிப்பக்கக் குழில அமுக்கினா வலிச்சு, எக்ஸ்ரே நார்மல்னு சொன்னாலும் பத்துப் பதினாலு நாள் கழிச்சு மறுபடி காட்டுங்க. அங்க படகு மாதிரி ஒரு குட்டி எலும்பு இருக்கு. அதோட முறிவு முதல் படத்துல தெரியாமப் போகலாம். அதைப் பத்தித் தனிப் பதிவே போடணும்.